சைப்ரஸில் பறவை பார்க்க ஒரு வாரம்

கேள்வி: நானும் என் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். கோடியக்கரையில் பூநாரைகளைப் பார்த்ததிலிருந்து எங்களுக்குப் பறவைகள் மீது தீராத ஆசை. சைப்ரஸ் தீவில் வாடகைக் கார் எடுத்து நாங்களே ஓட்டிக்கொண்டு ஒரு வாரம் பறவை பார்க்க எண்ணுகிறோம். எப்போது செல்வது, எங்கே தங்குவது?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: மார்ச் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். குளிர்காலத்தை உப்பு ஏரிகளில் கழிக்கும் பூநாரைகளில் சில அப்போதும் மிஞ்சியிருக்கும். உலகில் வேறெங்கும் கூடு கட்டாத சைப்ரஸ் கதிர்க்குருவியும், சைப்ரஸ் வீட்டியர் என்ற சிறு பறவையும் பாடத் தொடங்கியிருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்பும் வலசையும் சூடுபிடித்திருக்கும். எலியனோரா ராஜாளி மடகாஸ்கரிலிருந்து வந்து சேர ஏப்ரல் பிற்பகுதி ஆகிவிடும் என்பதால், அதை இந்தப் பயணத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

அங்கும் நம் ஊரைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். தெற்கில் எடுக்கும் காரின் காப்பீடு, தீவை வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிக்கும் பச்சைக்கோட்டுக்கு வடக்கே செல்லாது. ஒரு வாரத்துக்குத் தெற்கே போதும்.

தினமும் ஊர் மாறித் தங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பறவை பார்ப்பவருக்கு விடியற்காலை இரண்டு மணி நேரம்தான் பொன்னான நேரம். அதைப் பெட்டி கட்டுவதிலும் நெடுஞ்சாலையிலும் தொலைக்கலாமா? லிமாசோலுக்கும் பாஃபோஸுக்கும் இடையிலுள்ள பிஸூரியில் தங்கினால், கிழக்கே அக்ரோதிரி உப்பு ஏரியும் மேற்கே பாஃபோஸ் முனையும் எட்டும் தூரத்திலேயே இருக்கும். இரவில் மழை பெய்திருந்தால் மறுநாள் காலை மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு பாஃபோஸ் கலங்கரை விளக்கத்தைச் சுற்றியுள்ள புதர்களுக்குச் செல்லுங்கள். கடலைக் கடந்து களைத்து வந்த பறவைகள் அங்கேதான் இறங்கும். ஒரு நாளை ட்ரூடோஸ் மலைக்கு ஒதுக்குங்கள்.

வீட்டியரைத் தேடி அலைய வேண்டியதில்லை. கறுப்பும் வெள்ளையுமான ஆண் பறவை மரத்தின் உச்சியிலோ மின்கம்பியிலோ அமர்ந்து சில்வண்டு போல ரீங்கரிக்கும். கதிர்க்குருவியோ முட்புதருக்குள் ஒளியும் கூச்சக்காரப் பறவை. கறுத்த தலையும், வெள்ளை மீசைக்கோடும், நெஞ்சில் அடர்ந்த கருங்கோடுகளும் அதன் அடையாளம். காரை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருங்கள். மனிதர் இறங்கினால் பறந்துவிடும் பறவை காரைப் பொருட்படுத்தாது.

அக்ரோதிரி, பிரிட்டிஷ் படைத்தளப் பகுதிக்குள் அமைந்திருக்கிறது. படைத்தளக் கட்டடங்களின் பக்கம் நீண்ட லென்ஸைத் திருப்பவே வேண்டாம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். அங்கே ‘ஆம்பெலோபூலியா’ என்ற பெயரில், வலசை வரும் கருந்தலைக் கதிர்க்குருவி போன்ற சிறு பறவைகளைச் சமைத்து இரகசியமாகப் பரிமாறும் வழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. 1974 முதல் அது சட்டவிரோதம். யாராவது உபசரித்தால் மறுத்துவிடுங்கள். புதர்களில் பசை பூசிய குச்சியோ மெல்லிய வலையோ கண்ணில் பட்டால் கை வைக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, காவல்துறைக்கோ பேர்ட்லைஃப் சைப்ரஸ் அமைப்புக்கோ அன்றே தெரிவியுங்கள்.