பண்டைய லத்தீன் நகரமான பிரேனெஸ்தே ரோமோடு ஏன் ஓயாமல் மோதியது? ரோம் அதை எப்படி அடக்கியது?

முதல் காரணம் ஊர் அமைந்த இடம். ரோமுக்குக் கிழக்கே சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கும் இன்றைய பாலஸ்திரீனாதான் அது. சரிவில் ஊர், உச்சியில் கோட்டை, இரண்டையும் சேர்த்து வளைத்த பெருங்கல் மதில். கீழே அல்பன் குன்றுகளுக்கும் மலைத்தொடருக்கும் நடுவே தெற்கு நோக்கிப் போகும் வழி. இந்த வழியைக் கண்காணிக்கிற ஊரை ரோமால் சும்மா விட முடியாது. ஊருக்கும் பணிந்துபோகத் தேவையில்லை.

வடக்கிலிருந்து வந்த காலியர்கள் (கால் இனத்தவர்) ரோமைச் சூறையாடி அதன் பலம் குன்றியதும் பிரேனெஸ்தே துணிந்தது. ரோம வரலாற்றாசிரியர் லிவி சொல்வதன்படி, கி.மு. 380-ல் ரோமின் உட்பூசலைப் பயன்படுத்தி பிரேனெஸ்தேயின் படை ரோமின் கொல்லைன் வாசல் வரை வந்துவிட்டது. அங்கே செய்த பிழை, களத்தைச் சகுனம் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. காலியர்களிடம் ரோம் தோற்ற அல்லியா ஆற்றங்கரையில் நின்றால் எதிரி கலங்குவான் என்று நம்பினார்கள். நெருக்கடிக்காக முழு அதிகாரத்தோடு ரோம் நியமித்த சர்வாதிகாரி சின்சினாட்டஸ் குதிரைப்படையை ஏவியதும் அணி உடைந்தது. ஓடியவர்கள் தங்கள் பாசறையில்கூட நிற்கவில்லை. அவர் நேரே மதிலில் போய் மோதவில்லை என்பதுதான் முக்கியம். பிரேனெஸ்தேயின் கீழிருந்த எட்டு ஊர்களை முதலில் பிடித்தார். அதன்பின் தாய்நகரம் தானே சரணடைந்தது. ஆனாலும் அடுத்த ஆண்டே மறுபடி கிளர்ச்சி!

நிரந்தரமாகக் கட்டிப்போட்டது கி.மு. 338-ன் ஏற்பாடு. தன்னை எதிர்த்த லத்தீன் நகரங்களோடு நடந்த லத்தீன் போரில் வென்ற ரோம் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தீர்ப்பு எழுதியது. லனுவியத்துக்கும் அரிசியாவுக்கும் குடியுரிமை; வெலித்ரேயின் மதில் தரைமட்டம்; பிரேனெஸ்தேக்கு நிலப் பறிப்பு, ஆனால் உள்ளாட்சி அதன் கையிலேயே. ஒரே குறை எல்லோருக்கும் இல்லாததால் ஒன்றுசேர்ந்து கிளம்பவும் வழியில்லை. என் கணிப்பில், போர்களைவிட இதுவே ரோமின் பெரிய சாமர்த்தியம்.

அந்தத் தன்னாட்சியை ஊரார் உயிராய் மதித்தார்கள். கார்தேஜ் தளபதி ஹன்னிபால் காசிலினம் என்ற ஊரை முற்றுகையிட்டபோது ரோமின் பக்கம் காவல் நின்ற 570 பிரேனெஸ்தே வீரர்கள் கேடயத்தின் தோலை ஊறவைத்துத் தின்று தாக்குப்பிடித்தார்கள். கிட்டத்தட்ட பாதிப்பேர் மாண்டார்கள். பரிசாக வந்த ரோமக் குடியுரிமையை மிஞ்சியவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆனால் ரோம் இந்தத் தன்னாட்சியை எல்லா நேரமும் மதிக்கவில்லை. கி.மு. 173-ல் ரோமின் உயர் ஆட்சியாளரான கான்சல் போஸ்துமியஸ், முன்பு அவ்வூர்க் கோயிலுக்கு வந்தபோது உரிய மரியாதை கிடைக்கவில்லை என்ற கோபத்தில், தங்குமிடமும் பொதிமாடுகளும் தரச் சொல்லி ஆணையிட்டார். ஊர் வாய்மூடி இணங்கியதே பிற அதிகாரிகளுக்கு முன்னுதாரணமாகிவிட்டது.

கடைசி அடி கி.மு. 82-ல். ரோமின் உள்நாட்டுப் போரில் தளபதி சுல்லாவிடம் தோற்று ஓடிவந்த எதிரணித் தலைவர் இளைய மாரியஸ், வாசல் மூடியிருந்ததால் கயிற்றில் கட்டி மதில்மேல் தூக்கப்பட்டார். மதிலை உடைப்பது வீண் என்று தெரிந்த சுல்லாவின் தளபதி ஓஃபெல்லா, ஊரைச் சுற்றி அகழி வெட்டிப் பட்டினி போட்டார். மீட்க வந்த படைகள் கணவாய்களிலேயே தடுக்கப்பட்டன. சரணடைந்தபின் 12,000 பேர் கொல்லப்பட்டதாக கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். ஊர் நிலத்தில் சுல்லாவின் பழைய வீரர்கள் குடியேறினார்கள்.