எழுதிவை என்று சொன்ன கிழவர்

அன்புள்ள ஐயா,

மூன்று ஆண்டுகளாக சால்ட் லேக் சிட்டிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். எங்கள் தெருவில் பெரும்பாலும் மார்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த குடும்பங்கள். நல்ல மனிதர்கள். என் மனைவிக்குப் பிரசவமானபோது இரண்டு வாரம் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் தங்கள் சபையின் வரலாறு என்று ஒரு புத்தகம் தந்தார். அலுவலகத்தில், சபையை விட்டு விலகிய நண்பர் வேறொன்று தந்தார். இரண்டிலும் அந்தச் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் வருகிறார், ஆனால் ஒரே ஆள் என்று நம்ப முடியவில்லை. நம்புகிறவர் எழுதினால் மறைப்பார், விலகியவர் எழுதினால் பழிதீர்ப்பார் என்றுதான் தோன்றுகிறது. விசுவாசி எழுதிய வரலாற்றை மொத்தமாக ஒதுக்கிவிடலாமா? அல்லது இரண்டுக்கும் நடுவில்தான் உண்மை இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாமா?

ஆர்., யூட்டா

அன்புள்ள ஆர்.,

இரண்டும் வேண்டாம். முதலில் அந்த ‘நடு’வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் இருக்கும் மாநிலத்தின் தெற்கே மவுண்டன் மெடோஸ் என்று ஒரு புல்வெளி இருக்கிறது. 1857 செப்டம்பரில் ஆர்கன்சாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு வண்டி கட்டிப் போய்க்கொண்டிருந்த குடும்பங்கள் அங்கே முற்றுகையிடப்பட்டன. 11ஆம் தேதி, ஜான் டி. லீ என்ற மார்மன் வெள்ளைக்கொடியோடு போனார். ஆயுதங்களைக் கொடுத்துவிட்டால் பத்திரமாகக் கூட்டிப்போகிறோம் என்று வாக்குக் கொடுத்தார். நம்பி வந்தார்கள். ஆண்கள் வரிசையாக நடக்க, ஒவ்வொருவர் பக்கத்திலும் காவல்போல ஒரு மார்மன் படைவீரர் நடந்தார். உத்தரவு வந்ததும் அந்தக் காவலே சுட்டது. பெண்களையும் விடவில்லை. ஏறக்குறைய 120 பேர் செத்தார்கள். நடந்ததை வெளியே சொல்லத் தெரியாத வயது என்று 17 சிறு குழந்தைகள் மட்டும் விடப்பட்டார்கள்.

இதைச் செய்தவர்கள் பையூட் பழங்குடியினர் என்பதுதான் நெடுங்காலம் சொல்லப்பட்ட கதை. பையூட்டுகளில் சிலர் அங்கே இருந்தது உண்மை. ஆனால் திட்டம் போட்டதும், வாக்குக் கொடுத்ததும், அதை மீறியதும் உள்ளூர் மார்மன் படையின் தலைவர்கள். இங்கே போய் நீங்கள் நடுவில் நின்றால், பழியில் பாதியைப் பையூட்டுகள் தலையில் கட்டுகிறீர்கள். அந்தப் புல்வெளிக் கதையைச் சுமந்துகொண்டு அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வாழ வேண்டியிருந்தது.

சரி, மறைப்பது எப்படி நடக்கிறது? பெரும்பாலும் பச்சைப் பொய்யாக நடப்பதில்லை. ஒரு சின்ன உதாரணம். உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இருக்கும் மார்மன் நூலின், அதாவது அவர்களுடைய வேதத்தின், முன்னுரையைத் திறந்து பாருங்கள். உலகிலுள்ள எந்த நூலையும்விட இதுதான் மிகச் சரியானது என்று சகோதரர்களிடம் நான் சொன்னேன் என்று ஜோசப் ஸ்மித் பேசுவதாக ஒரு வரி இருக்கும். அந்த ‘நான்’ ஜோசப் எழுதியதல்ல. வில்ஃபோர்ட் உட்ரஃப் என்ற சீடர் 1841 நவம்பர் 28 அன்று தன் டைரியில், ஜோசப் இப்படிச் சொன்னார் என்று எழுதிவைத்தார். 1844இல் ஜோசப் கொல்லப்பட்டபோது அவர் பெயரில் எழுதப்பட்டுவந்த வரலாறு 1838 வரைதான் வந்திருந்தது. மிச்சத்தை எழுத்தர்கள் 1856 வரை உட்கார்ந்து முடித்தார்கள். கையில் கிடைத்த பிறருடைய டைரிகளை எடுத்து, படர்க்கையைத் தன்மை ஆக்கினார்கள். ‘அவர் சொன்னார்’ என்பது ‘நான் சொன்னேன்’ ஆயிற்று.

அவர்கள் ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் அப்படித் தொகுப்பது வழக்கம்தான். இந்த ஒரு வரியில் பெரிய திரிபும் இல்லை. ஆனால் பக்கம் பக்கமாக இதையே செய்யும்போது என்ன ஆகிறது? கேட்டவர் ஒருவர் இருந்தார், அவர் தன் காதால் கேட்டுத் தன் கையால் எழுதினார், அவருக்கும் ஒரு மனச்சாய்வு உண்டு என்பதெல்லாம் வாசகர் கண்ணிலிருந்து போய்விடுகிறது. ஒரு சாட்சி காணாமல் போய், தீர்க்கதரிசியின் குரல் மட்டும் மிஞ்சுகிறது.

பிற்காலத்தில் இது வழக்கம் என்ற நிலையைத் தாண்டிக் கொள்கையாகவே ஆயிற்று. சபையின் மூத்த தலைவர்களில் ஒருவரான பாய்ட் பேக்கர், 1981இல் சபையின் ஆசிரியர்களிடம் பேசியபோது, உண்மையான சில விஷயங்கள் அவ்வளவு பயனுள்ளவை அல்ல என்றார். எத்தனை முறை யோசித்தாலும் இந்த வாக்கியத்தோடு எனக்கு ஒத்துப்போக முடியவில்லை. பயன் யாருக்கு? மவுண்டன் மெடோஸில் பெற்றோரை இழந்த அந்த 17 குழந்தைகளுக்கா?

இனி உங்கள் முதல் கேள்வி. விசுவாசி எழுதியதை ஒதுக்கலாமா? ஒதுக்கினால் நீங்கள் ஜுவனிட்டா புரூக்ஸை இழப்பீர்கள்.

அவர் 1898இல் நெவாடாவின் பங்கர்வில் என்ற மார்மன் ஊரில் பிறந்தவர். இளம் ஆசிரியையாக இருந்தபோது நீஃபை ஜான்சன் என்ற கிழவர் அவரிடம் வந்தார். என் கண் பார்த்ததை என் நாக்கு இதுவரை சொன்னதில்லை, சாவதற்குள் எழுதிவைக்க வேண்டும், நீதான் எழுத வேண்டும் என்றார். சரி, அப்புறம் வருகிறேன் என்று ஜுவனிட்டா தள்ளிப்போட்டார். கிழவர் சாகக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு ஓடியபோது காலம் கடந்துவிட்டது. கிழவர் நினைவு தவறிய நிலையில் ஜெபம் செய்தார், பிரசங்கம் செய்தார், திடீரென்று கண்ணை அகல விறைத்து ‘ரத்தம்! ரத்தம்! ரத்தம்!’ என்று கத்தினார். 1857இல் மவுண்டன் மெடோஸில் பையூட்டுகளுக்கு மொழிபெயர்ப்பாளராக நின்றவர் அவர் என்பது ஜுவனிட்டாவுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அந்தக் கிழவருக்குப் பட்ட கடனைத்தான் அவர் முப்பது ஆண்டுகள் தீர்த்தார். வீடு வீடாகப் போய்ப் பழைய டைரிகளைக் கேட்டு வாங்கித் தட்டச்சில் படியெடுத்தார். பிள்ளைகள் நிறைந்த வீடு. யாராவது கதவைத் தட்டினால், இஸ்திரி போட வைத்திருந்த துணிகளைத் தட்டச்சுப்பொறி மேல் போட்டு மூடிவிடுவாராம். வீட்டுவேலையை விட்டுவிட்டு எழுதுகிறாள் என்று ஊர் பேசும் அல்லவா? சபையிடம் இருந்த ஒரு கட்டு வாக்குமூலங்களைப் பார்க்க அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. 1950இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் அந்தப் படுகொலை பற்றிய அவர் புத்தகத்தை வெளியிட்டது. யார் யார் பொறுப்பு என்பதை மழுப்பாமல் எழுதினார், லீ ஒருவரை மட்டும் பலிகொடுத்துவிட்டு மற்றவர்கள் தப்பியதையும் சேர்த்து. 1877இல் அதே புல்வெளியில் லீயைச் சுட்டுத் தண்டனை நிறைவேற்றினார்கள், வேறு யாரும் தண்டிக்கப்படவில்லை.

ஜுவனிட்டா கடைசிவரை சபையில்தான் இருந்தார். உண்மையைத் தவிர வேறெதுவும் என் சபைக்குத் தகுதியானதாக இருக்க முடியாது என்று தன் முன்னுரையில் எழுதினார். அவருக்கு அது வெறும் வாதம் இல்லை. பக்தியாகவே இருந்தது.

எதிர்த்தரப்பிலும் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்குவது உண்டு, அதையும் பாருங்கள். 1834இல் ஈ. டி. ஹோவ் மார்மன்களுக்கு எதிராக ஒரு புத்தகம் வெளியிட்டார். அதற்குச் சாட்சிகள் திரட்டியவர் சபையிலிருந்து நீக்கப்பட்ட ஹர்ல்பட். சாலமன் ஸ்பால்டிங் என்பவர் எழுதிவைத்த ஒரு கதையைத் திருடித்தான் மார்மன் நூல் உருவானது என்று அதில் வாதிட்டார்கள். அரை நூற்றாண்டு எல்லோரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். 1884இல் ஹோனலூலுவில் ஒருவரின் பழைய காகிதங்களுக்கு நடுவே ஸ்பால்டிங்கின் கையெழுத்துப்படி அகப்பட்டது. படித்துப் பார்த்தால் இது வேறு, அது வேறு. எதிரிக்கு எதிராக இருக்கிறது என்பதற்காகவே ஒரு சாட்சியை ஐம்பது ஆண்டுகள் சரிபார்க்காமல் விட்டிருந்தார்கள்.

ஆனால் உங்கள் நண்பரைப்போல விலகியவர்களிலும் ஜெரால்ட் டேனர் போன்றவர்கள் இருக்கிறார்கள். அவரும் மனைவி சாண்ட்ராவும் சபைக்கு எதிராக வாழ்நாள் முழுக்க எழுதியவர்கள். 1984இல் ஒரு கடிதத்தின் வாசகம் வெளியே வந்தது. ஜோசப்பின் ஆரம்பகாலச் சீடர் மார்ட்டின் ஹாரிஸ் 1830இல் எழுதியதாம். மார்மன் நூல் பொறிக்கப்பட்டிருந்ததாக ஜோசப் சொன்ன தங்கத் தகடுகளைக் காத்தது தேவதூதன் அல்ல, வெள்ளைச் சாலமாண்டர், அதாவது பல்லிபோல் ஓர் உயிரினம் என்று அதில் இருந்தது. சபையைக் கவிழ்க்க இதைவிட என்ன வேண்டும்? ஜெரால்ட் அதை எடுத்துக் கொண்டாடவில்லை. வாசகம் ஹோவின் புத்தகத்தை அதிகம் ஒத்திருக்கிறது, எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று அதே ஆண்டு அச்சில் எழுதினார். மனைவிக்கே முதலில் அதில் உடன்பாடில்லை. பிறகு நிபுணர்கள் சோதித்துவிட்டு, போலி என்பதற்கு அடையாளமில்லை என்றார்கள். கடிதத்தை விற்ற மார்க் ஹாஃப்மன் தன் மோசடி வெளியாகாமலிருக்க 1985 அக்டோபரில் வெடிகுண்டு வைத்து இரண்டு பேரைக் கொன்றான். 1987இல் குற்றத்தை ஒப்புக்கொண்டான். கடிதம் அவன் கைவேலை.

ஆகவே எழுதியவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று நான் பார்ப்பதில்லை. தன் தரப்புக்கு வலிக்கிற ஆவணம் கையில் வந்தபோது என்ன செய்தார், தன் தரப்புக்கு இனிக்கிற ஆவணம் வந்தபோது என்ன செய்தார் என்றுதான் பார்க்கிறேன்.

உங்களிடம் இருக்கும் இரண்டு புத்தகங்களையும் எடுங்கள். முதலாவதில் மவுண்டன் மெடோஸ் எத்தனை பக்கம் என்று பாருங்கள். ‘கொன்றார்கள்’ என்ற சொல்லுக்கு எழுவாய் யார், அல்லது ‘கொல்லப்பட்டார்கள்’ என்று எழுவாயே இல்லாமல் போகிறதா என்று பாருங்கள். இரண்டாவதில், ஜோசப்பின் அக்கம்பக்கத்தார் சொன்னதாக வரும் இடங்களில், அந்தச் சாட்சியைச் சேகரித்தவர் யார் என்பது சொல்லப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். அப்புறம் பக்கத்து வீட்டுப் பெரியவரிடமும் பேசுங்கள். ஜோசப் ஸ்மித்துக்கு 30 முதல் 40 மனைவியர் இருந்திருக்கலாம் என்பதைச் சபையே 2014இல் வெளியிட்டுவிட்டது. அந்தப் பெரியவர் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் அறிந்தவராக இருக்கலாம்.

ஜுவனிட்டா 1989இல் இறந்தார். அவருக்கு மறுக்கப்பட்ட அந்த வாக்குமூலங்கள் 2009இல், சபையின் பிரிகம் யங் பல்கலைக்கழகம் வழியாக அச்சில் வந்தன. அவற்றுள் நீஃபை ஜான்சனின் வாக்குமூலமும் இருக்கிறது.