ஒயர் மட்டும் கையில இருந்துச்சு

ராத்திரி வெளியூர்ல மாட்டிக்கிட்டா எங்க படுக்கிறதுன்னு இந்த வாரம் நாலு பேர் கேட்டிருக்கீங்க. மெடிக்கல் ரெப்பா ஊர் ஊரா அலைஞ்சவன்கிறதால எனக்கு இதுல கொஞ்சம் அனுபவம் ஜாஸ்தி, அதனால நாலுக்கும் சேர்த்தே எழுதிடுறேன்.

கே: அண்ணே, பையனுக்கு சென்னையில போட்டித்தேர்வு. முதல் நாள் ராத்திரியே எழும்பூர்ல இறங்கிடுவான், பரீட்சை காலையில 9.30க்கு. லாட்ஜ் வாடகை கட்டுப்படியாகல. ஸ்டேஷன்லயே படுத்துக்கலாமா, விரட்டுவாங்களா? (வாசகர், சிவகங்கை)

ப: படுக்கலாம், ஆனா இறங்கினதும் டிக்கெட்டை கசக்கிப் போட்டுடாம இருக்கச் சொல்லுங்க, ராத்திரி ரோந்து வர்றவங்க தட்டி எழுப்பி முதல்ல கேக்குறது அதைத்தான். பத்து ரூபா பிளாட்ஃபார்ம் டிக்கெட்ல சமாளிச்சுக்கலாம்னு சிலர் நினைக்கிறாங்க, அது 2 மணி நேரத்துக்குத்தான் செல்லும். அதுக்கு முன்னாடி ஸ்டேஷன்லயே ரயில்வே வாடகைக்கு விடுற ரிட்டயரிங் ரூம் பாருங்க, எழும்பூர்லயும் இருக்கு சென்ட்ரல்லயும் இருக்கு, டார்மிட்டரியில ஒரு கட்டில் மட்டும் எடுத்தா லாட்ஜை விட கம்மியாதான் வரும், கன்ஃபர்ம் ஆனதோ ஆர்ஏசியோ, டிக்கெட்டோட பிஎன்ஆர் நம்பர் இருந்தா ஐஆர்சிடிசி-லயே புக் பண்ணிடலாம். கடைசி நேரத்துல கிடைக்காது, டிக்கெட் போட்ட அன்னைக்கே போட்டுடுங்க.

அதுவும் கிடைக்கலன்னா வெயிட்டிங் ஹால்தான். நிறைய பேரு ஒதுக்குப்புறமா இருட்டா இருந்தா நிம்மதியா தூங்கலாம்னு பிளாட்ஃபார்ம் கோடிக்குப் போவாங்க, அங்கதான் சோலி முடியும். லைட்டு கண்ணைக் குத்தினாலும் பரவால்ல, மூஞ்சியில துண்டைப் போட்டுக்கிட்டு, குடும்பமா குழந்தை குட்டியோட படுத்திருக்கிறவங்க பக்கத்துல ஃபேன் காத்து படுற இடமா பார்த்து படுக்கணும், அந்த மாதிரி குடும்பத்துல எப்பவும் ஒரு பாட்டியாவது முழிச்சிருக்கும். பெரிய பையா இருந்தா க்ளோக் ரூம்ல போட்டுடலாம், பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டாங்க, சின்னதா ஒரு பூட்டு கொண்டு போகணும். சின்ன பையை தலைக்கு வச்சுக்கிட்டு அதோட வாரை கையிலயோ கால்லயோ ஒரு சுத்து சுத்திக்கணும். செருப்பை கழட்டி அப்படியே விடாம ஒரு கவர்ல போட்டு பைக்குள்ள தள்ளிடச் சொல்லுங்க, பரீட்சைக்கு வெறுங்காலோட போற மாதிரி ஆயிடப்போகுது.

முக்கியமான விஷயம், போனை சார்ஜ் போட்டுக்கிட்டே தூங்கக் கூடாது. நான் ஒரு ஜங்ஷன்ல அப்படித்தான் ஏமாந்தேன், புத்திசாலின்னு நினைச்சு ஒயரை கையில சுத்திக்கிட்டுப் படுத்தேன், மூணு மணிக்கு முழிச்சுப் பார்த்தா ஒயர் மட்டும் கையில இருந்துச்சு, மறுமுனையில போனைக் காணோம். பவர் பேங்கை பைக்குள்ள வச்சு உள்ளேயே சார்ஜ் போட்டுக்கிறதுதான் சரி. காசு விஷயத்துல எங்க தாத்தாவோட பட்டாபட்டி டவுசர் பாக்கெட்டை அடிச்சுக்க இன்னும் எந்த பர்ஸும் வரல. ஹால் டிக்கெட்டும் அடையாள அட்டையும் பையில வேண்டாம், சட்டைக்குள்ள இருக்கட்டும். இப்பவே *#06# அடிச்சு போனோட ஐஎம்இஐ நம்பரை வீட்டுல ஒரு காகிதத்துல எழுதி வச்சுடுங்க, தொலைஞ்சா போலீஸ் கம்ப்ளைன்ட் கொடுத்து போனை பிளாக் பண்ண அது வேணும். ஏதாவது ஒண்ணுன்னா ரயில்வேக்கு 139.

கே: அம்மாவை கவர்மென்ட் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம், கூட நான் மட்டும்தான். ராத்திரி வராண்டாவுல படுக்க பயமா இருக்கு. (வாசகி, விருதுநகர்)

ப: பயப்படாதம்மா, பெண்கள் வார்டுல ராத்திரி ஆம்பளைங்களை பெரும்பாலும் விடமாட்டாங்க, அதனால நோயாளி கூட இருக்கிறவங்களுக்குக் கொடுக்கிற அட்டெண்டர் பாஸை வாங்கிட்டு அம்மா கட்டில் பக்கத்துலயே கீழ படுத்துக்க. நான் எங்கப்பாவுக்காக 11 நாள் ஒரு ஆஸ்பத்திரி வராண்டாவுல கிடந்தேன், முதல் நாள் கோரைப்பாய் வாங்கிட்டுப் போனேன், விடியக்காலை நாலரைக்கு ஃபினாயில் தண்ணி ஊத்தி துடைக்க வந்தாங்க, பாய் ஊறிப் போயி அன்னைக்கு பூரா நாத்தம். பிளாஸ்டிக் பாய்தான் லாயக்கு, உதறினா காஞ்சுடும். கூடவே பழைய நூல் புடவை ஒண்ணு, நாலா மடிச்சா மெத்தை, பிரிச்சா போர்வை, தலையோட இழுத்துப் போத்திக்கிட்டா கொசுவுக்கும் ஆச்சு. ஸ்கேன் படத்தை மட்டும் தலைக்கு வச்சுடாத, நான் வச்சு அது மடங்கிப் போயி டாக்டர்கிட்ட வாங்கின திட்டு இருக்கே. ராத்திரியில திடீர்னு மருந்து வாங்க இன்னார் அட்டெண்டர் யாருன்னு கூப்பிடுவாங்க, அசந்து தூங்கிட்டா காதுல விழாது, அதனால பக்கத்துக் கட்டில்காரங்ககிட்ட சொல்லி வச்சுட்டு அவங்க தூங்குறப்ப நீ முழிச்சிரு. யாராவது தொந்தரவு பண்ணா கூச்சப்படாம சத்தம் போடு, பெண்கள் ஹெல்ப்லைன் 181க்கும் அடி.

கே: ட்ரெயின்ல மிடில் பெர்த்காரர் ஏழரைக்கே பெர்த்தை மாட்டிட்டு படுத்துட்டார், கீழ நாங்க கூனிக்கிட்டே சாப்பிட்டோம். இது நியாயமா? (வாசகர், கும்பகோணம்)

ப: நியாயம் இல்ல. ராத்திரி 10லேர்ந்து காலை 6 வரைக்கும்தான் அவர் பெர்த்தை போட்டுக்கலாம். உடம்பு முடியாதவங்க, கர்ப்பிணின்னா நாமதான் அனுசரிச்சுப் போகணும். மத்தவங்க கேக்கலன்னா டிடிஇ-கிட்ட சொல்லுங்க. ஆனா பத்தரைக்கு மேலயும் நீங்க கீழ உக்காந்து சீட்டாடினா அவர் பக்கம்தான் நான்.

கே: பஸ்ல ஏறினாலே தூங்கிடுறேன், ரெண்டு தடவை ஊர் தாண்டிப் போயிட்டேன். (வாசகர், மேலூர்)

ப: ட்ரெயின்னா 139ல டெஸ்டினேஷன் அலர்ட் போட்டுக்கலாம், ஊர் வர்றதுக்கு 20 நிமிஷம் முன்னாடி கூப்பிடுவாங்க. பஸ்ல கண்டக்டர்தான் அலாரம், ஆனா அவர் கண்ணுக்கு படுற மாதிரி முன்னாடி சீட்ல உக்காருங்க, பின்னாடி உக்காந்தா அவரும் மறந்துடுவார். அதை விட முக்கியமா ஏறும்போதே வண்டி ஊருக்குள்ள போகுமா பைபாஸ்லயே போயிடுமான்னு கேட்டுடுங்க. தூக்கக் கலக்கத்துல விடியக்காலை மூணு மணிக்கு பைபாஸ்ல இறக்கி விட்டுட்டுப் போயிடுவாங்க, சுத்தி டீக்கடை கூட இருக்காது, நாய் மட்டும் நாலு வரும். அப்படி மாட்டிக்கிட்டா நடக்க ஆரம்பிக்காம கண்ணுக்குத் தெரியுற பெட்ரோல் பங்க்ல போய் உக்காந்துடுங்க, முதல் டவுன் பஸ் வர்ற வரைக்கும்.