பப்பாளியில் தொடங்கி பருத்தியில் முடிந்த கேள்விகள்

வேளாண் விரிவாக்கப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மரபணு மாற்றப் பயிர்கள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ரெட் லேடி பப்பாளி, விதையில்லாத் திராட்சை எல்லாம் மரபணு மாற்றியவைதானே? பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

தாராளமாகக் கொடுங்கள் அம்மா. ரெட் லேடி, இரண்டு பப்பாளி வகைகளை மகரந்தம் சேர்த்து உண்டாக்கிய, தைவானில் இருந்து வந்த வீரிய ஒட்டு ரகம். விதையில்லாத் திராட்சையைக் குச்சி நட்டுப் பெருக்குகிறார்கள், அவ்வளவுதான். (அடுத்து பிராய்லர் கோழியைக் கேட்பீர்கள். அதுவும் இல்லை.) இந்திய விவசாயிகள் அனுமதியோடு பரவலாகப் பயிரிடும் மரபணு மாற்றப் பயிர் பருத்தி ஒன்றுதான், 2002 முதல்.

அப்படியானால் நம் அடுப்படிக்குள் வரவே இல்லையா?

எண்ணெயாக வருகிறது. பருத்திக்கொட்டை எண்ணெய், அர்ஜென்டினாவில் இருந்து இறக்குமதியாகும் சோயா எண்ணெய் இரண்டும் பெரும்பாலும் அப்படிப்பட்ட பயிரில் இருந்து வருபவைதான். ஆனால் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறக்குறைய மிஞ்சாது.

புழுவைக் கொல்லும் பயிர் மனிதனை மட்டும் விட்டுவிடுமா சார்?

பிடி (Bt) என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் பெயர்ச் சுருக்கம்; அதன் மரபணுவைப் புகுத்திய பயிர்தான் பிடி பயிர். அதில் உண்டாகும் பிடி புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து, குடல் சுவரில் அது ஒட்டுவதற்கென்று இருக்கும் இடங்களில் (ஏற்பிகள்) ஒட்டி ஓட்டை போடும். நம் இரைப்பையில் இருப்பது அமிலம். அந்த ஏற்பிகளும் நமக்குக் கிடையாது. ஆனால் இந்தப் பதில் இந்தப் புரதத்துக்கு மட்டும்தான். பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சோயாவில் புகுத்தியபோது அதன் ஒவ்வாமையும் கூடவே வந்தது. சோதனையில் தெரிந்ததால் கைவிட்டார்கள்; 1996இல் ஆய்வும் வெளியானது. அமெரிக்காவில் கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதி பெற்ற ஸ்டார்லிங்க் மக்காச்சோளமோ 2000இல் மனிதர் தின்னும் பண்டத்திலேயே கிடைத்தது. காகிதத்தில் தடை சரியாகத்தான் இருந்தது, மூட்டைகள் கலந்துவிட்டன. எனக்கு இந்த இரண்டாவது வகைத் தவறுதான் அதிகக் கவலை.

பெரம்பலூர் பக்கம் பருத்தி போடுகிறேன் ஐயா. பிடி விதைக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு வருகிறதே?

வரத்தான் செய்யும். 450 கிராம் பிடி விதையோடு 120 கிராம் சாதாரண விதைப் பொட்டலம் ஒன்று கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? அதை ஓரத்தில் விதைத்தால், நஞ்சு படாத புழுக்கள் அங்கே பிழைக்கும். பிடி நஞ்சைத் தாங்கித் தப்பிய புழுவோடு அவை இணைந்தால் எதிர்ப்புக் குணம் மெல்லத்தான் பரவும். நம் ஆட்கள் ‘இடம் வீண்’ என்று பொட்டலத்தைத் தூக்கிப் போட்டார்கள். நானும் அழுத்திச் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். 2010இல் குஜராத்தில் ஒரே பிடி மரபணு உள்ள முதல் தலைமுறைப் பருத்தியை இந்தப் புழு தாங்குவது வெளியே வந்தது. பிறகு இரண்டு மரபணு உள்ள ரகத்தையும் தாங்கிக்கொண்டது. இப்போதைக்கு, பெண் அந்துப்பூச்சியின் வாசனையால் ஆண் பூச்சியை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள், கடைசி எடுப்புக்காகப் பயிரை இழுக்காதீர்கள், அறுவடை முடிந்த காய்ந்த செடிகளை (பருத்திமார்) வயலோரம் அடுக்கி வைக்காதீர்கள்.

பிடி கத்தரியை ஏன் நிறுத்தினார்கள்?

2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு சரி என்றது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் கருத்துக் கேட்டுவிட்டு 2010 பிப்ரவரியில் நிறுத்தி வைத்தார். கத்தரிக்கு இங்கே காட்டு உறவுகள் உண்டு, மகரந்தம் போய்ச் சேரலாம் என்பது ஒரு கவலை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் அதை உருவாக்கியதில் பங்குண்டு. வங்கதேசத்தில் 2014 முதல் பயிரிடுகிறார்கள். மேலும் சோதித்துப் பார்க்கச் சொன்னது நியாயம். ஆனால் ஆண்டுக்கணக்கில் முடிவே சொல்லாமல் விடுவது ஒழுங்குமுறை இல்லை என்பேன்.

களைக்கொல்லி தாங்கும் பருத்தி விதை பில் இல்லாமல் தருகிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. அதற்கு இந்தியாவில் அனுமதி இல்லை. முளைக்காவிட்டால் எந்த ரசீதைக் காட்டிப் புகார் கொடுப்பீர்கள்?