சத்தம் கேட்கவில்லை என்றால் இதயத்தில் ஓட்டை இல்லை என்று அர்த்தமா?

தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்து அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் வார்டில் 31 வருஷம் செவிலியராக இருந்தேன். மரபணுக் குறைபாட்டோடு பிறந்த பிள்ளைகளின் இதயம், பிரஷர் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாபநாசம்: குழந்தை பிறந்து 20 நாள். டவுன் சிண்ட்ரோம்னு சொன்னாங்க. டாக்டர் நெஞ்சுல ஸ்டெதாஸ்கோப் வச்சுப் பாத்துட்டு சத்தம் எதுவும் இல்லைன்னார். நெல் அறுப்பு முடிஞ்சு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தா போதும்ங்கிறார் மாமனார். போதுமா சிஸ்டர்?

போதாது தங்கச்சி. இந்த வாரமே எடுங்கள்.

டவுன் சிண்ட்ரோம் என்பது 21ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பது. அந்தக் குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கும். அதில் முக்கியமானது, மேல் அறைகளுக்கும் கீழ் அறைகளுக்கும் நடுச்சுவர் சேராமல் போவது. அவ்வளவு பெரிய ஓட்டைக்குச் சத்தம் கேட்காதா என்பீர்கள். மடைக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் சமமாக நின்றால் சலசலப்பு கேட்குமா? ஒரு பக்கம் வடிந்தால்தானே கேட்கும்! பிறந்த முதல் வாரங்களில் நுரையீரல் பக்கத்து அழுத்தம் அதிகமாகவே இருக்கும். அதனால் ஓட்டை வழியாக ரத்தம் பீறிடாது, காதுக்கும் எட்டாது. சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் மாதத்துக்குள் எக்கோ எடுத்தாக வேண்டும் என்பது அதனால்தான்.

தள்ளிப்போட்டால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் தடித்துப் போகும். ஒரு வயது தாண்டியபின் ஆபரேஷனே செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளை நான் தூக்கி வைத்திருந்திருக்கிறேன். இந்த வகை ஓட்டையைப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்துக்குள் சரிசெய்வார்கள். தாளடி அறுப்பு வருஷா வருஷம் வரும். இந்த 6 மாதம் திரும்ப வராது.

இன்னொன்று. பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா, நடுவில் விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறதா என்று கவனியுங்கள். வெயில் புழுக்கம் என்று நம் ஊரில் விட்டுவிடுகிறார்கள்.

மன்னார்குடி: பையனுக்கு உடம்பெல்லாம் காபி கலர் படை. நியூரோஃபைப்ரோமடோசிஸ் டைப் 1 (தோலில் படையும் நரம்பில் கட்டியும் வரும் மரபணு நோய்) என்றார்கள். வீட்டில் பிரஷர் பார்க்க எந்த மெஷின் வாங்கலாம்?

மெஷினைவிடக் கையில் சுற்றும் பட்டைதான் முக்கியம் தம்பி. மேற்கையின் நடுவில் சுற்றளவு எடுங்கள். பட்டைக்குள் காற்று ஏறும் பையின் அகலம் அதில் 40 சதவீதம், நீளம் 80 முதல் 100 சதவீதம் இருக்க வேண்டும். கை 20 செ.மீ. என்றால் பை 8 செ.மீ. அகலம், 16 முதல் 20 செ.மீ. நீளம். பட்டை சின்னதானால் பிரஷர் கூடுதலாகக் காட்டும், பெரியதானால் குறைத்துக் காட்டும்.

இதே படையோடு 4 வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்தது. வார்டில் இருந்தது பெரியவர்கள் பட்டைதான். அக்குளிலிருந்து முழங்கை மடிப்பையும் தாண்டிக் கிடந்தது. நார்மல் என்று எழுதி அனுப்பினோம். எழுதியது நான்தான். இரண்டு மாதம் கழித்துத் தலைவலி, வாந்தியோடு வந்தபோது குழந்தைப் பட்டையில் பார்த்தோம், மிக அதிகம். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருந்தது. இந்தக் குறைபாட்டில் அது வரும், சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டியும் வரலாம். அதனால்தான் வருஷத்துக்கு ஒருமுறையாவது பார்க்கச் சொல்கிறார்கள்.

பிள்ளை ஓடி வந்த கையோடு கட்டாதீர்கள். 5 நிமிஷம் சாய்ந்து உட்காரட்டும். கால் தரையில், வலது கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். 120/80 பெரியவர்கள் கணக்கு. 6 வயதுப் பையனுக்கு மேல் எண் 105 அல்லது கீழ் எண் 66 வந்தாலே டாக்டர் திரும்பப் பார்க்க வேண்டும்.

வேதாரண்யம்: மகளுக்கு 9 வயது, டர்னர் சிண்ட்ரோம். காலிலும் பிரஷர் பார்க்கணும்னாங்க. எதுக்கு?

டர்னர் என்பது பெண் பிள்ளைக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் இல்லாமலோ குறையாகவோ இருப்பது. அதில் மகாதமனி, அதாவது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், ஓரிடத்தில் குறுகியிருக்கலாம். அப்படியானால் கையில் அழுத்தம் ஏறி, காலில் இறங்கும். சாதாரணமாகக் காலில் கையைவிடக் கொஞ்சம் கூடவே இருக்க வேண்டும். மூன்று இதழ் இருக்க வேண்டிய மகாதமனி வால்வும் சிலருக்கு இரண்டு இதழாக இருக்கும். எக்கோ சரியாக இருந்தாலும் வருஷா வருஷம் பிரஷர் பாருங்கள். அசையாமல் படுக்கும் வயது வந்ததும் எம்ஆர்ஐ பற்றிக் கேளுங்கள்.

கும்பகோணம்: எங்களுக்கும் டவுன் குழந்தைதான். அக்கா மகளைக் கட்டியதால் வந்தது என்று ஊரே பேசுகிறது. என் மனைவி சாப்பிடுவதே இல்லை.

உங்கள் மனைவியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். டவுன் சிண்ட்ரோம் சொந்தத்தில் கட்டியதால் வருவதில்லை. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது 21ஆவது குரோமோசோம் பிரியாமல் ஒன்று கூடுதலாக வந்துவிடுகிறது. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு கூடும், ஆனாலும் இளம் தாய்களுக்கும் பிறக்கிறது. 100க்கு 3, 4 பேருக்கு மட்டும் குரோமோசோம் இடம்மாறி ஒட்டியிருக்கும். ரிப்போர்ட்டில் அப்படி இருந்தால் பெற்றோர் இருவரும் பரிசோதிக்க வேண்டும். மனைவி செய்த தப்பு எதுவும் இதில் இல்லை.

சீர்காழி: அப்போ சொந்தத்துல கட்டலாம்னு சொல்றீங்களா? எங்க வீட்டுல மூணு தலைமுறையா அத்தை மகன், மாமன் மகள்தான். ஒண்ணும் ஆகலை.

நான் அப்படிச் சொல்லவில்லை ஐயா. டவுனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன். தாயிடமும் தகப்பனிடமும் ஒரே பழுதான மரபணு இருந்தால் மட்டும் வரும் நோய்கள் தனி. சின்னக் குழந்தையின் இதயத்தையே வீங்க வைக்கும் பாம்ப்பே (Pompe) நோய் அப்படிப்பட்டது. அவை சொந்தத்தில் கூடும். பொதுவில் 100 குழந்தைகளில் 2, 3 பேருக்குப் பிறவிக் குறை என்றால், அத்தை மகன், மாமன் மகள் உறவில் ஏறக்குறைய இரட்டிப்பு. தாய்மாமன் உறவு அதைவிட நெருக்கம். உங்கள் வீட்டில் வராதது நல்லது. பக்கத்து வீட்டில் வராது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

சீர்காழி: அப்ப கும்பகோணத்துக்காரருக்கு ஆறுதலுக்குத்தானே மாத்திச் சொன்னீங்க?

இல்லை. இரண்டும் வேறு வேறு நோய். வீட்டுப் பெண்ணைக் குற்றவாளி ஆக்கும் பேச்சை இத்துடன் நிறுத்துங்கள்.

ஒரத்தநாடு: டவுன் பையன், 2 வயசு, நல்லா ஓடுறான். எக்கோ தேவையா?

இதுவரை எடுக்கவில்லை என்றால் தேவை. காரணம் முதல் பதிலில் இருக்கிறது.

வலங்கைமான்: டவுன் குழந்தை. சத்தம் இல்லைன்னா...

முதல் பதிலைப் படியுங்கள் அம்மா.

நன்னிலம்: பிரஷர் மாத்திரையைப் பாதியாக்கலாமா?

உங்கள் டாக்டரைத்தான் கேட்க வேண்டும். நீங்களாகக் குறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள்.

திருவையாறு: டூஷேன் தசை நோய். கால்தான் பிரச்சினை, இதயம் எதற்கு?

இதயமும் தசைதான். நோய் தெரிந்தவுடன் ஒரு எக்கோ, பிறகு வருஷம் ஒன்று. இந்த மரபணு தாயிடமிருந்து வந்திருக்கலாம். வந்திருந்தால் தாயின் இதயத்தையும் பார்க்க வேண்டும். அதை யாரும் சொல்வதில்லை.

திருத்துறைப்பூண்டி: செலவுக்கு வழி?

அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை சிறாரைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழு வரும். 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. (RBSK) என்ற அரசுத் திட்டம். டவுனும் பிறவி இதயக் குறையும் அதன் பட்டியலில் உள்ளன. அவர்கள் வரும்வரை கைக்குழந்தையோடு காத்திருக்காமல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரே போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் இதய ஆபரேஷன் அதில் வரும்.

பாபநாசம்: வியாழக்கிழமை எக்கோவுக்குத் தேதி வாங்கிட்டேன் சிஸ்டர். என்ன எடுத்துட்டுப் போகணும்?

நல்லது தங்கச்சி. பிறந்தபோது கொடுத்த கார்டு, குரோமோசோம் ரிப்போர்ட் வந்திருந்தால் அது, ஒரு மெல்லிய போர்வை. எக்கோ அறையில் ஏசி இருக்கும். மயக்க மருந்து கொடுப்பார்களா என்று முதலில் கேளுங்கள். கொடுப்பதாக இருந்தால் எத்தனை மணிக்குப் பால் நிறுத்த வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். இல்லையென்றால் வாசலில் உட்கார்ந்து வயிறு நிறையப் பால் கொடுத்துத் தூங்க வைத்து உள்ளே கொண்டுபோங்கள்.