நாற்பதுகளின் இறுதியில் பெண் துறைத்தலைவரின் மதிப்பெண் ஏன் சரிகிறது?

கேள்வி: கோவைப் பகுதியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் துறைத்தலைவராக இருக்கிறேன். வயது 48. முப்பதுகளில் மாணவர் கருத்துப் படிவங்களில் எனக்கு எப்போதும் நல்ல மதிப்பெண் வந்தது. இந்தப் பொறுப்புக்கு வந்த பிறகு மாணவர்கள் தரும் மதிப்பெண்ணும், துறை ஆசிரியர்கள் தரும் மதிப்பெண்ணும் ஆண்டுதோறும் குறைகின்றன. ‘மேடம் எப்போதும் சிடுசிடுப்பு’, ‘அணுக முடியவில்லை’ என்று எழுதுகிறார்கள். எனக்கு முன்பு இருந்தவர் என்னைவிடக் கண்டிப்பானவர். அவரைக் ‘கறாரானவர், ஆனால் நியாயஸ்தர்’ என்றார்கள். ‘கொஞ்சம் சிரித்துப் பேசுங்கள்’ என்கிறார் முதல்வர். அடுத்த ஆண்டு டீன் பதவிக்கான பரிசீலனை வருகிறது. நான் என்னை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் அந்த மதிப்பெண்ணைப் பிரித்துப் பாருங்கள். அதில் ஒரு பகுதி உங்கள் பணியைப் பற்றியது. இன்னொரு பகுதி, அதிகாரத்தில் இருக்கும் நடுவயதுப் பெண்ணிடம் மற்றவர்கள் எதிர்பார்ப்பதைப் பற்றியது. இரண்டையும் பிரிக்காமல் நடத்தையை மாற்றத் தொடங்கினால், திருத்த வேண்டியது திருத்தப்படாமலே நின்றுவிடும். திருத்தத் தேவையில்லாததற்காக நீங்கள் களைத்துப்போவீர்கள்.

நீங்கள் சொல்லும் சரிவு உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனிஃபர் சாட்மேன், லாரா கிரே முதலானோர் 2022இல் வெளியிட்ட ஆய்வு இதையே ஆராய்ந்தது. வயது ஏறும்போது ஆண், பெண் இருபாலரையும் திறமையும் உறுதியும் கூடியவர்களாகவே பிறர் காண்கிறார்கள். ஆனால் பெண்களிடம் மட்டும் அதே வேளையில் கனிவு குறைந்துவிட்டதாகக் கருதுகிறார்கள், அந்தக் கருத்து அவர்களுக்கான மதிப்பீட்டையும் கீழே இழுக்கிறது. மாணவர்கள் பேராசிரியர்களுக்கு அளித்த மதிப்பெண்களைப் பார்த்தபோது, பெண்களின் மதிப்பெண் முப்பதுகளிலிருந்து இறங்கி 47 வயதையொட்டி அடிமட்டத்தைத் தொட்டது. அறுபதை நெருங்குகையில் மீண்டும் ஏறியது. ஆண்களுக்கு அப்படியொரு பள்ளம் இல்லை. இளம் ஆசிரியையின் கண்டிப்பை ஆர்வமாகவும் மூத்த அம்மையாரின் கண்டிப்பை அக்கறையாகவும் ஏற்றுக்கொள்ளும் நம் சமூகம், இடைப்பட்ட வயதில் அதைக் குணக்கேடாகப் படிக்கிறது என்பது என் கணிப்பு. இப்படி எழுதுபவர்கள் ஆண்கள் மட்டுமே என்று நினைத்துவிட வேண்டாம். பெண் தலைவர் என்பதால் சலுகை எதிர்பார்த்து ஏமாந்த பெண்களும் எழுதுவார்கள்.

குணத்தைப் பற்றிய எண்ணம் செயலைப் பற்றிய கேள்விகளுக்கும் எப்படிப் பரவுகிறது என்பதற்கு வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வொன்று 2015இல் வெளியானது. ஓர் இணையவழிப் பாடத்தில் ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் கற்பித்தார்கள். இருவருமே ஒரு குழுவுக்குத் தம் சொந்த அடையாளத்திலும் இன்னொரு குழுவுக்கு மற்றவரின் அடையாளத்திலும் பாடம் நடத்தினார்கள். விடைகளைத் திருத்தித் தந்தது எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நேரத்தில்தான். ஆயினும் ‘தாமதமின்றித் திருப்பித் தருகிறாரா’ என்ற கேள்விக்கு, ஆண் பெயரில் இருந்தவருக்கு ஐந்தில் 4.35, பெண் பெயரில் இருந்தவருக்கு 3.55 கிடைத்தது. 43 மாணவர்களை மட்டும் கொண்ட சிறிய ஆய்வுதான். ஆனால் உங்கள் கல்லூரியில் நீங்கள் எதைச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை.

ஆகவே சராசரி எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கடைசி மூன்று ஆண்டுகளுக்கான முடிவுகளைக் கேள்விவாரியாகவும், பாடவாரியாகவும், எத்தனை பேர் பதிலளித்தார்கள் என்ற விவரத்துடனும் ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவு) பொறுப்பாளரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். அறுபது பேர் கொண்ட வகுப்பில் பதினைந்து பேர் நிரப்பிய படிவத்தைத் துறையின் ஒட்டுமொத்தக் குரலாகக் கொள்ள முடியாது. பிறகு, சரிபார்க்கக்கூடிய கேள்விகளை மட்டும் தனியே எடுங்கள்: பாடத்திட்டம் முடிந்ததா, வகுப்பு நேரத்துக்குத் தொடங்கியதா, உள்மதிப்பீட்டு விடைத்தாள் குறித்த நாளில் கைக்கு வந்ததா. இவற்றுக்கெல்லாம் உங்களிடம் பதிவேடு இருக்கும். விடைத்தாள் ஒரே வாரத்தில் திரும்பிவந்ததைப் பதிவேடு காட்ட, அந்தக் கேள்விக்கே மதிப்பெண் குறைந்திருந்தால், மாணவர்கள் அங்கே மதிப்பிட்டது உங்கள் நேரந்தவறாமையை அன்று.

எழுத்துக் கருத்துகளையும் இரண்டாகப் பிரியுங்கள். ‘சிடுசிடுப்பு’, ‘ஈகோ’, ‘அம்மா மாதிரி அன்பாக இல்லை’ என்பவை ஒரு பக்கம். ‘ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க மூன்று நாள் அலைய வேண்டியிருக்கிறது’, ‘ஓ.டி. (வெளி நிகழ்ச்சிக்குச் செல்லும் ஆன் டியூட்டி அனுமதி) கேட்டால் காரணம் சொல்லாமல் மறுக்கிறார்’, ‘தேர்வுக் கண்காணிப்புப் பணியைச் சிலருக்கே ஒதுக்குகிறார்’ என்பவை மறுபக்கம். இரண்டாவது வகைக் கருத்துகள் பலரிடமிருந்து, வெவ்வேறு ஆண்டுகளில் வந்திருந்தால் அவை உண்மையான குறைகள். பாலினப் பாகுபாடு என்று சொல்லி அவற்றை ஒதுக்குவது உங்களுக்கே கெடுதல். கையெழுத்துக்கு நாளில் ஒரு மணி நேரத்தை அறிவியுங்கள், மறுப்பதற்கான காரணத்தை ஒரு வரியில் எழுதித் தாருங்கள், பணி ஒதுக்கீட்டுப் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். அணுக முடியவில்லை என்ற புகாரில் ஏதேனும் உண்மை இருந்தால் இவையே அதைத் தீர்க்கும். முதல்வர் கேட்கும் சிரிப்பைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது: முன்பிருந்தவரிடம் கேட்காத ஒன்றை உங்களிடம் கேட்பது ஆலோசனை ஆகாது. வலிந்து சிரிப்பவரைப் பிறகு ‘நடிக்கிறார்’ என்பார்கள்.

ஓய்வறைப் பேச்சில் ‘மேடத்துக்கு மெனோபாஸ் டென்ஷன்’ என்பது போன்ற சொற்கள் காதில் விழுந்தால் கேட்காதது போல இருந்துவிடாதீர்கள். குரலை உயர்த்தவும் தேவையில்லை. ‘எந்த முடிவைப் பற்றிச் சொல்கிறீர்கள்? அதைப் பேசுவோம்’ என்று அங்கேயே கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

இவ்வளவு பதிவுகள் எதற்கு என்று தோன்றலாம். பொறியியல் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஆசிரியர்களுக்காக 2019இல் வகுத்த 360 டிகிரி மதிப்பீட்டில் மொத்தம் நூறில் 25 மதிப்பெண் மாணவர் கருத்துக்கே உரியது. தவிர, காலங்கடந்து வரும் பரிசீலனையில் பழைய குறிப்புகள் என்ன செய்யும் என்பதற்கு, லெப்டினன்ட் கர்னல் நித்திஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 25 அன்று அளித்த தீர்ப்பைப் பார்க்கலாம். ராணுவத்தில் நிரந்தரப் பணி கோரிய பெண் அதிகாரிகளை, அவர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லாதிருந்த காலத்தில் அசட்டையாக எழுதப்பட்ட ஆண்டு ரகசிய அறிக்கைகளை வைத்து எடைபோட்டார்கள். அதற்குப் பிந்தைய சாதனைகளைக் கணக்கில் கொள்ளவில்லை. ஆண்கள் 25 முதல் 30 வயதுக்குள் நிறைவுசெய்த மருத்துவத் தகுதியை, 40 முதல் 50 வயதிலிருந்த பெண்களிடம் கேட்டார்கள். அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அது மறைமுகப் பாகுபாடே என்றார் நீதிபதி சந்திரசூட். அந்தத் தீர்ப்பு தனியார் கல்லூரியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் தேர்வுக் குழு முன் வாதிடுவதற்கு அதன் தர்க்கம் உதவும்.

படிவத்தை மாற்றவும் முயலுங்கள். துறைத்தலைவர் என்ற முறையில் அதைக் கேட்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். மாணவர் மதிப்பீடுகளில் பாலினச் சாய்வு நுழைவதுண்டு, ஆசிரியரின் தோற்றத்தை விட்டுப் பாடத்தைப் பற்றி எழுதுங்கள் என்று படிவத்தின் தலைப்பில் ஒரு குறிப்பைச் சேர்த்தபோது பெண் ஆசிரியர்களின் மதிப்பெண் உயர்ந்ததையும், ஆண்களுடையது மாறாததையும் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு 2019இல் காட்டியது. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், பத்துப் புள்ளி அளவுகோலை ஆறாகக் குறைத்ததும், ஆண்கள் மிகுந்த துறைகளில் இருந்த இடைவெளி மறைந்தது. முழுப் பத்தைத் தருவதற்குப் பெண் ஆசிரியர் விஷயத்தில் மட்டும் மாணவர்கள் தயங்கியிருந்தார்கள். செலவில்லாத மாற்றங்கள் இவை. உங்கள் பெயரில் மட்டும் கேட்காமல், துறைக் கூட்டத் தீர்மானமாக அனுப்புங்கள்.

டீன் பரிசீலனைக்கு மூன்று மாதம் முன்பே முதல்வருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் கொடுங்கள். அதில் பாகுபாடு என்ற குற்றச்சாட்டை முதல் வரியில் வைக்க வேண்டாம். ‘நடைமுறை பற்றிய கருத்துகள் இவை, எடுத்த நடவடிக்கைகள் இவை. பதிவேட்டுக்கு முரணான மதிப்பெண்கள் இவை. அணுக முடியவில்லை என்ற கருத்து எந்த நிகழ்வைக் குறித்தது என்பது தெரிவிக்கப்பட்டால் விளக்கமளிக்கத் தயாராக உள்ளேன். தேர்வுக் குழுவின் முன் என் மதிப்பெண் வைக்கப்படும்போது இக்கடிதத்தையும் இணைத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்ற அளவில் எழுதி, தேதியிட்ட ஒப்புகையுடன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் மதிப்பெண்ணை மட்டும் காட்டிப் பதவி மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் பெற்றுக்கொண்டு, பணிச் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் இந்தக் கோப்புடன் செல்லுங்கள்.