எந்தச் சாமிக்கு?

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 25. ஊர் பேரணாம்பட்டு பக்கம், ஆந்திர எல்லை. மூன்று வருடமாக முடி வளர்க்கிறேன், இப்போது முதுகு வரை வந்துவிட்டது. நான்கு இன்டர்வியூ போனேன். இரண்டு இடத்தில் கேள்வியே கேட்கவில்லை, முடியைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு ஷூ கம்பெனியில் "மெஷினில் மாட்டிக்கொள்ளும்" என்றார்கள். 1806இல் வேலூர்ப் புரட்சி நடந்த மண்ணில் இன்னும் இப்படியா? சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறதா? "திருப்பதி வேண்டுதல் என்று சொல்லு, ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான்" என்கிறார் என் மாமா. வெட்டிவிடலாமா, மாமா சொன்னபடி சொல்லலாமா? வெட்டினால் நான் நானாக இருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது. (சுருக்கப்பட்டது. பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள தம்பி,

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். வேலைவாய்ப்பில் சமவாய்ப்பு பேசும் அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு அரசு வேலைக்கானது. தனியார் முதலாளி உங்கள் கொண்டையைப் பிடிக்கவில்லை என்றால் அதைக் கொண்டு அவரை ஒன்றும் செய்ய முடியாது. மெஷின் விஷயத்தில் அவர்கள் சொன்னது பாதி நியாயம். சுழலும் இயந்திரத்தின் பக்கத்தில் அவிழ்ந்த முடி ஆபத்துதான். ஆனால் ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளின் தையல் பிரிவில் போய்ப் பாருங்கள். வரிசை வரிசையாகப் பெண்கள், இடுப்பு வரை பின்னல். அவர்களுக்குப் போதுமான தொப்பி உங்கள் தலைக்கு மட்டும் சின்னதாகிவிடுமா என்ன?

வேலூர்ப் புரட்சியை விட்டுவிடுங்கள். தாடியை எடு, மீசையை அளவாகக் கத்தரி, நெற்றியில் குறி வைக்காதே, தோல் குஞ்சம் வைத்த தலைப்பாகையைப் போடு என்று வெள்ளைக்காரன் உத்தரவு போட்டான். மதத்தில் கை வைக்கிறான் என்று சிப்பாய்கள் கொதித்தார்கள். கோட்டைக்குள் திப்புவின் பிள்ளைகள் வேறு இருந்தார்கள். அழகாக இருக்கிறது என்பதற்காக அங்கே யாரும் துப்பாக்கி தூக்கவில்லை.

உங்கள் மாமா சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இந்த எல்லைப் பக்கத்தில் ஓர் ஆண் முடி வளர்த்தால் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே: எந்தச் சாமிக்கு? ஏழுமலையானுக்கு என்றால் டீக்கடையில் பெஞ்சில் இடம் விடுவார்கள். எனக்குப் பிடிக்கும் என்றால் பொறுக்கி. இது பாமர ஜனங்களின் குணம் என்று நினைக்காதீர்கள். இந்திய விமானப்படையின் விதியும் இதையேதான் சொல்கிறது. வெட்டக்கூடாது, மழிக்கக்கூடாது என்று மதம் தடுத்தவர்களுக்கு மட்டும்தான் அங்கே நீள முடிக்கும் தாடிக்கும் அனுமதி. தாடி வளர்த்ததால் வெளியேற்றப்பட்ட ஒரு வீரரின் வழக்கில், 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை வைத்துத்தான் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஆக, நம் தலைமுடிக்குக் கடவுள்தான் கேரண்டி கையெழுத்துப் போட வேண்டும். இத்தனைக்கும் நம் தாத்தாக்களில் பாதிப் பேர் குடுமிக்காரர்கள். கணித மேதை ராமானுஜன் 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தது குடுமியோடுதான். 1914இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறுவதற்கு முன்புதான் அதை எடுத்தார்கள். கணக்கு என்னவோ இரண்டு தலையிலும் ஒரே கணக்குதான்.

சரி, மாமாவின் யோசனை பலிக்கும். நானே செய்திருக்கிறேன், அதனால் தெரியும்.

1991. எனக்கு 23 வயது. முடி தோளுக்குக் கீழே. காரணம் ஒன்றும் கிடையாது, கண்ணாடியில் பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். ஓர் இடத்தில் "நாடகக் கம்பெனிக்குப் போப்பா" என்றார்கள். அப்புறம் குடியாத்தத்தில் ஒரு லுங்கி வியாபாரியிடம் கணக்கெழுத ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "வேண்டுதலாப்பா?" என்றார். அவரே எடுத்துக் கொடுத்த பொய். "ஆமாங்க" என்றேன். "என்ன வேண்டுதல்?" அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "வேலை கிடைக்கணும்னுங்க" என்று வந்துவிட்டது. மனிதர் அப்படியே உருகிப் போனார். பெருமாளே ஆள் அனுப்பிவிட்டார் என்று நினைத்திருக்க வேண்டும். மறுநாளே வரச் சொன்னார். "எப்போ எறக்கப் போறே?" "புரட்டாசியிலங்க."

நான்கு மாதம் சுகமாகப் போனது. புரட்டாசி பிறந்தது. நான் மறந்துவிட்டேன், அவர் மறக்கவில்லை. மூன்று நாள் லீவு, நூறு ரூபாய், மஞ்சள் துணியில் முடிந்த தன் காணிக்கைக் காசு எல்லாவற்றையும் மேஜையில் வைத்தார். உண்டியலில் போட்டுவிட்டு லட்டு வாங்கி வா என்றார். சித்தூர் வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். வழியெல்லாம் எதிரே வந்த பஸ்களில் சந்தனம் பூசிய மொட்டைகள்.

திருமலையில் மொட்டை போடும் இடமான கல்யாணகட்டாவில் ஈரத் தரை. டோக்கனைக் கொடுத்து உட்கார்ந்தேன். நாவிதர் தண்ணீர் தெளித்து இரண்டு கையாலும் முடியை அள்ளி நிறுத்துப் பார்ப்பவர் மாதிரி ஒரு கணம் வைத்திருந்தார். "மஞ்சி ஜுட்டு" என்றார். நல்ல முடியாம். என் வாழ்க்கையில் அந்த முடியைப் பாராட்டிய ஒரே ஆள் அவர்தான், பாராட்டிக்கொண்டே மழித்தார். தேவஸ்தானம் முடியை நீளம் பார்த்துத் தரம் பிரித்து ஏலம் விடும் என்பது பிறகுதான் தெரிந்தது. விக் செய்யப் போகிறதாம். எந்த நாட்டிலோ ஒருத்தி என் முடியை வைத்துக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போய் வேலையும் வாங்கியிருப்பாள்.

திரும்பி வந்து லட்டைக் கொடுத்தேன். முதலாளி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வேண்டுதலை ஒழுங்கா முடிச்சிட்டே" என்று சொல்லி வீட்டில் எல்லோருக்கும் கிள்ளிக் கொடுத்தார். எனக்கும் ஒரு துண்டு வந்தது. அதை விழுங்கப் பட்ட பாடு இன்றும் தொண்டையில் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் அவரிடம் வேலை பார்த்தேன், ஒருநாளும் உண்மையைச் சொல்லவில்லை. அவர் இறந்த பிறகு இங்கே எழுதுகிறேன், பாருங்கள், என் தைரியத்தை.

அதனால் மாமா பேச்சைக் கேட்காதீர்கள். கேட்டால் "பிடிக்கும், அதனால் வளர்க்கிறேன்" என்று சொல்லுங்கள். எண்ணெய் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு போங்கள். அலங்கோலமாகப் போய்விட்டு உலகத்தைத் திட்டாதீர்கள். வெட்டுவதும் வெட்டாததும் உங்கள் இஷ்டம். "வெட்டினால் நான் நானாக இருக்க மாட்டேன்" என்பதெல்லாம் பேத்தல். நான் மொட்டையோடு அதே லெட்ஜரில் அதே தப்பான கூட்டலைத்தான் போட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் எழுதியது நான்கு பக்கம். மூன்றே முக்கால் பக்கம் முடி. என்ன படித்தீர்கள், என்ன வேலை தெரியும் என்று ஒரு வரி இல்லை. இன்டர்வியூவிலும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தீர்களா? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள். குடியாத்தத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு கடைக்காரர்கள் கணக்குக்கு ஆள் தேடுகிறார்கள். டாலி தெரியுமா?